எந்தப் பழத்துக்கு எந்த ஓடு என்று கேட்பவர்களுக்கு

போன வாரம், ஆர்டருக்குப் பழப் பை சுடும் நம் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நீங்கள் மூன்று பேரும் கொய்யாப்பழத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். வெண்ணெய் ஓடுதான் சரி என்று ஒருத்தி, பஃப்ஸுக்குப் போடுகிற மாதிரி அடுக்கு ஓடு என்று ஒருத்தி, பிஸ்கட்டைப் பொடித்து அழுத்தினால் வேலை முடிந்தது என்று இன்னொருத்தி. என் தலையைக் கண்டதும், "ஸ்டெல்லா அக்கா, நீங்களே சொல்லுங்க!" என்று கத்தினீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு நழுவி வந்துவிட்டேன். முழங்கால் போய்விட்டது என்று வேலையை விட்டவள் வாயை மட்டும் விடமாட்டேன் என்கிறாள் என்று பேச்சு வரக் கூடாது பாருங்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடியும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

நம் பை என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாவை இரண்டு வட்டமாகத் தேய்த்து, ஒன்றைத் தட்டில் விரித்து, நடுவில் பழத்தைக் கொட்டி, இன்னொன்றால் மூடி ஓவனில் வைத்து எடுக்கிறோம். பழத்தைச் சுற்றியிருக்கும் அந்த மாவைத்தான் நான் ஓடு என்று சொல்லிப் பழகிவிட்டேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட நீங்கள் கிரஸ்ட் என்கிறீர்கள். எப்படிச் சொன்னாலும் வேகிறது ஒன்றுதான்.

எந்த ஓடு என்பதில் பழம் சொல்வது பாதிதான். அன்னாசி தண்ணீர் விடும், வாழைப்பழம் குழையும், ஆப்பிள் அடக்கமாக இருக்கும். இதெல்லாம் கை வைக்க வைக்கத் தானாகத் தெரிந்துவிடும், அதற்கு நான் தேவையில்லை. மீதிப் பாதியைப் பழத்திடம் கேட்க முடியாது. யார் சாப்பிடப் போகிறார்கள், எங்கே கொண்டு போகிறார்கள், அன்றைக்கு என்ன நாள் என்பதையெல்லாம் ஆர்டர் கொடுப்பவர்களிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? உங்கள் மும்தாஜ் அக்காவைக் கேளுங்கள்.

ஆமாம், இப்போது உங்களை அதட்டி வேலை வாங்குகிறாளே, அதே மும்தாஜ்தான். திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஆப்பிள் பை கேட்டாள். "நல்லா மொறுமொறுன்னு இருக்கட்டும்" என்றாள். மும்தாஜுக்கு அது போதும். ஓட்டை ஒரு தடவை தனியாக வேகவைத்து, பழத்தைப் போட்டு மறுபடியும் வேகவைத்து, தட்டினால் டங் டங் என்று சத்தம் வருகிற மாதிரி ஒன்றைச் செய்து அனுப்பிவிட்டாள். சாப்பிடுகிறவர் யார் என்று கேட்கவில்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருக்க, ஆசையாக ஒரு கடி கடித்துத் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்திருக்கிறார். மேல் வரிசைப் பல்செட்டு அதோடு போய்விட்டது.

மறுநாள் அவரே போன் செய்தார். "இன்னாம்மா, பையி செஞ்சீங்களா, இல்ல கப்பலுக்கு அடில அடிக்கிற பிளேட்டு செஞ்சீங்களா? என் பல்லு இன்னும் அதுலதான் கீது" என்றார். மும்தாஜ் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் கிடங்கில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் பிஸ்கட் ஓட்டில், நாக்காலேயே நசுக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு வாழைப்பழப் பை செய்து, தானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். இன்றைக்கும் அந்த மனிதர் மும்தாஜின் குரலைக் கேட்டால்தான் ஆர்டர் சொல்லுவார்.

அது சிரிக்கிற கதை. சங்கீதாவின் கதை அப்படி இல்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா. நான் அழுதத மட்டும் எழுதாத" என்றாள். அது எப்படி முடியும், நீங்களே சொல்லுங்கள்!

சங்கீதா காசிமேட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துப் பெண். அப்பா இல்லை, ஓர் அண்ணன் உண்டு. அம்மா தனம், மீன் வியாபாரம். அந்தம்மா குரலைக் கேட்டால் மார்க்கெட்டே வழிவிடும். கல்யாணத்துக்கு முன்பே சங்கீதா என்னிடம் வேலைக்கு வந்துவிட்டாள். இவள் செய்த முதல் பையை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, தனம் அதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் வெட்டினாராம். "என் பொண்ணு செஞ்சது, பாரு, கண்ணாடி மாதிரி மினுக்குது" என்று ஒரே பெருமை.

அப்புறம் சங்கீதா கௌதமைக் கல்யாணம் செய்துகொண்டாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுப் பையன். ஷேர் ஆட்டோ ஓட்டுவான், ஓய்வு நேரத்தில் பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக்கொடுப்பான். தங்கமான பையன். ஆனால் சாதி வேறு. தனம் தலைவிரி கோலமாக வாசலில் நின்று, "இனிமே உன் கையால பச்சத் தண்ணி வாங்கிக் குட்ச்சேன்னா என் பேரு தனம் இல்லடி" என்று கத்தியதைக் குப்பமே கேட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. மார்க்கெட்டில் எதிரெதிரே வந்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சங்கீதா திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி மாவு பிசைவாள். அந்த நாட்களில் அவள் பிசைகிற மாவு கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும்.

ஆடி பிறந்தது. கல்யாணமான முதல் ஆடிக்கு மகளை அம்மா வீட்டுக்கு அழைப்பது வழக்கம் இல்லையா? நம் சங்கீதா டப்பா மடிக்கும்போதும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மடித்தாள். அடித்த போன் எல்லாம் ஆர்டர் கேட்டுத்தான் அடித்தது. ஒருநாள் அவளே வந்து என் எதிரில் நின்றாள்.

"அக்கா, ஞாயித்திக்கெயம எங்க குப்பத்துல கூழு ஊத்துறாங்கோ. அன்னிக்கு யார் வந்தாலும் தொரத்த மாட்டாங்க. சண்ட போடுற அண்ணனும் கோயில் வேலைல இருப்பான். நான் ஒரு மாங்கா பையி செஞ்சு எடுத்துகினு அம்மாவப் பாக்கப் போறேன். நீயும் கூட வாக்கா. தனியாப் போவ எனுக்கு தெகிரியம் இல்ல."

"அம்மா வாங்கிக்கலன்னா?"

"வாங்கிக்கலன்னா இத்தோட சரி. இனிமே அந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன். ஒரே ஒரு வாயி என் கையால துன்னா போதும்கா. எனுக்கு வேற ஒண்ணியும் வேணாம்."

கூழ் ஊற்றும் நாளில் பகையாளி வந்து நின்றாலும் கூழ் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். அவள் நல்ல நாளாகத்தான் பார்த்திருந்தாள். இன்னொன்றும் சொன்னாள். "எங்கம்மா வருசா வருசம் காப்பு கட்டும்கா." உங்களில் யாருக்காவது தெரியாவிட்டால் சொல்கிறேன். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதுதான் காப்பு. கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை கவுச்சி தொடக் கூடாது. மீன், கறி, முட்டை எதுவும் ஆகாது. மீன் விற்றுப் பிழைக்கிற தனம் அந்த நாட்களில் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். அவ்வளவு சுத்தம் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருவதற்கு முன்பே சங்கீதா மாவு பிசைந்து குளிரவைத்துவிட்டாள். நீலம் மாம்பழத்தைச் செங்காய்ப் பதத்தில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். நானும் மும்தாஜும் இந்தப் பக்க மேஜையில் வேறொரு ஆர்டருக்கு டப்பா அடுக்கிக்கொண்டிருந்தோம், அவள் பக்கம் பார்க்கவில்லை. ஓவனைத் திறந்து பையை வெளியே எடுத்தபோது வாசனையில்தான் திரும்பினேன். அப்பப்பா! இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒன்றை நான் செய்ததில்லை. மேல் ஓட்டை மீன் செதில் செதிலாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு செதிலும் தங்க நிறத்தில் பளபளவென்று மினுங்கியது. மும்தாஜ் என்னை இடித்து, "பாரேன் அக்கா, இவ நமக்கெல்லாம் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சிருக்காளா?" என்றாள்.

எனக்கு அந்த மினுமினுப்பைப் பார்த்ததும் என்னமோ உறுத்தியது. குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். உடைத்த முட்டை ஓடுகள் கிடந்தன.

"சங்கீதா, இது மேல இன்னா தடவின?"

"எப்பவும் தடவுறதுதான் அக்கா. முட்ட..."

அவ்வளவுதான். அந்த வார்த்தையோடு வாய் மூடிக்கொண்டது. கையில் இருந்த துணி கீழே விழுந்தது. வாய்க்கு வாய் காப்பு காப்பு என்று சொன்னவள், பழகின கை அதுபாட்டுக்கு முட்டையை உடைத்து அடித்துத் தடவியதைக் கவனிக்கவே இல்லை. மேலே மட்டும் என்றால்கூடச் சுரண்டிப் பார்க்கலாம். நம் வெண்ணெய் ஓட்டு மாவிலேயே மஞ்சள் கரு போகிறதே!

மும்தாஜ்தான் முதலில் பேசினாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. வெந்து போச்சு. இப்ப அது முட்டையா இன்னா? யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மா துன்னு பாத்துச் சொல்லிடுமா?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. தனம் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிட்டால் அப்புறம் உறவுக் கூட்டத்துக்கு நடுவில் நெருங்க முடியாது. அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். புதிதாக வெண்ணெய் ஓடு போட்டால் மாவு குளிர்ந்து இறுகவே பாதிப் பொழுது போய்விடும். கையில் இருப்பதோ ராஜா வீட்டுப் பை. "இல்லன்னா காப்பு அவுத்துட்டு நாளைக்கு சாப்பிடும்மான்னு சொல்லிக் குடுத்துட்டு வரலாமா?" என்றேன்.

"நாளிக்கு அந்தக் கதவு தொறந்திருக்குமா இன்னா?" என்றாள் சங்கீதா. தலையைக் குனிந்துகொண்டு பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, சொல்லாமயே குட்த்துடலாமா?" என்றாள்.

"குடு. நான் தடுக்க மாட்டேன். ஆனா அம்மா அத்த வாயில வெக்கும்போது நீ எதிர்ல நிக்கணும். நிப்பியா?"

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. எழுதாதே என்று சொன்னது இதைத்தான். "முடியாதுக்கா. எங்கம்மாவப் போயி டபாய்ச்சு ஒரு வாயி துன்ன வெச்சு, அப்டி ஒரு ஒறவு எனுக்கு வேணாம்" என்றாள். மும்தாஜ் உடனே தலையில் அடித்துக்கொண்டு, "என் வாயில மண்ணு. உட்டுடு, நான் சொன்னத மறந்துடு" என்று சொல்லி, அந்த அழகான பையைத் தூக்கிக்கொண்டுபோய் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள்.

கண்ணுங்களா, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கைவசம் நேரம் இல்லை, முட்டை ஆகாது, வெண்ணெயைக் குளிரவைக்க வழியில்லை, ஆடி வெயிலில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தில் எது அழகான ஓடு என்று யோசித்தால் பைத்தியம்தான் பிடிக்கும். எது இன்றைக்கு ஆகும் என்று மட்டும் யோசித்தேன். நெய்யை உருக்கி, சூடான பாலை விட்டு, மாவைக் கையாலேயே தட்டில் அழுத்துகிற ஓடு இருக்கிறதே, அதை நாம் சாதாரணமாக வெளியே அனுப்புவதில்லை. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் அதற்கு முட்டையும் வேண்டாம், ஓய்வும் வேண்டாம். எத்தனை குலுக்கினாலும் உடையாது.

"நெய் ஓடு போடுடி" என்றேன். "அழாம போடு. கண்ணுத் தண்ணி விழுந்தா உப்புக் கரிக்கும்."

மும்தாஜ் புதுத் தட்டு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்தாள். "முட்டப் பட்ட தட்டுல செய்ய வேணாம். பிரஷ்ஷும் வேணாம், கையாலயே பாலு தடவு" என்றாள். அப்புறம் அவளுக்கே இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. "அக்கா, இந்த ஓவன்ல நேத்து சிக்கன் பஃப்ஸ் வெச்சோமே?" நான் ஓவனை உள்ளும் புறமும் துடைக்கச் சொன்னேன். துடைத்துவிட்டு, "இது போதுமா?" என்று கேட்டாள். "போதும். இதுக்கு மேல போனா அம்மனே வந்து நம்மளக் கிண்டல் பண்ணும்" என்றேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள், அவள் தொழுகிறவள். இரண்டு பேரும் சேர்ந்து அம்மன் காப்புக்குக் குறை வந்துவிடக் கூடாது என்று தவித்த தவிப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பை வெந்து வந்தது. சங்கீதா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேல் ஓடு வெளிறி, விரல் பதிந்த பள்ளம் பள்ளமாக, ஒரு சொட்டு மினுமினுப்பு இல்லாமல் கிடந்தது. "இத்த எப்டிக்கா எடுத்துகினு போவேன்? வறட்டி மாதிரி கீது" என்றாள். "வறட்டியா இருந்தாலும் கள்ளம் இல்லாத வறட்டி. நட" என்று இழுத்துக்கொண்டு இறங்கினேன். கௌதம் ஆட்டோவோடு கீழே காத்திருந்தான். வழியெல்லாம் லாரியும் கண்டெய்னரும். அவன் பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து, மாட்டு வண்டி போலத்தான் ஓட்டினான். குப்பம் வந்ததும் மெயின் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்திவிட்டான். "நீங்க போய்ட்டு வாங்கக்கா. நான் வந்தா பேஜாரு ஆயிடும். இங்கயே நிக்கிறேன்" என்றான்.

மெயின் ரோடு தெரிகிற தனம் வீட்டு வாசலில் பெரிய குண்டானில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. தனம் மஞ்சள் புடவையில், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு, நின்றபடி துழாவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு நாங்கள் அங்கே இல்லவே இல்லை என்பது போலத் திரும்பவும் துழாவ ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சங்கீதா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"கூழு இன்னும் ஊத்தல. வெயில்ல நிக்காம நெழல்ல நில்லுங்க" என்றார் தனம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், மகளைப் பார்த்து அல்ல.

சங்கீதா டப்பாவைத் திறந்து நீட்டினாள். "யம்மா, மாங்கா பையி. நானே செஞ்சேன்."

தனம் வாங்கவில்லை. ஆனால் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொல்கிறவர் இல்லையா, பார்வையிலேயே எல்லாம் அளந்துவிடுவார்.

"இன்னாடி இது?" என்றார். அத்தனை மாசத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அப்பல்லாம் கொணாருவியே, மூஞ்சி பாக்கலாம் போல மினுக்கும். இது இன்னா இப்டி கீது? அங்க போயி கைத்தொயில மறந்துட்டியா?"

"மறக்கலமா. முட்ட தடவுனாதான் அப்டி மினுக்கும். நீ காப்பு கட்டிகினு கீறியே."

"நான் காப்பு கட்டிகினு கீறேன்னு உனுக்கு யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? வருசா வருசம் கட்றியே. எனுக்குத் தெரியாதா?"

தனம் கரண்டியைக் குண்டானின் விளிம்பில் சாய்த்து வைத்தார். "மாவுலயும் போடலியா?"

"எதுலயும் போடலமா. புதுத் தட்டு. நெய்யி ஊத்தி, கையாலயே பாலு தடவி..."

தனம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டில் இருந்த கயிற்றைத் தடவிக்கொண்டே பேசினார். குரல் மார்க்கெட்டுக் குரல் இல்லை, வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "இந்த வருசம் ஒடம்பு முடியல, கட்ட வேணாம்னுதான்டி இருந்தேன். உனுக்காவத்தான் கட்டிகினேன். எப்டி கீறியோ, துன்னியோ இன்னாவோ, அவன் நல்லா வெச்சுகினு கீறானோ இல்லியோ... வந்து கேக்க மனசு எடங்குடுக்கல. ஆத்தாகிட்டயாவது சொல்லி வெப்போம்னு கட்டிகினேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தங்க நிறப் பையைக் கொண்டுவந்திருந்தால்? இந்தத் தாய் ஆசையாக ஒரு வாய் சாப்பிட்டிருப்பார். மகளுக்காகக் கட்டிய காப்பை மகளே தன் கையால் முறித்திருப்பாள். யாருக்கும் தெரிந்திருக்காது என்பது என்ன பெரிய ஆறுதல்! சாயங்காலம் மும்தாஜிடம் இதைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்துதான், நீங்கள் கிண்டல் செய்கிறீர்களே, ஆர்டர் எடுக்கும்போதே அவள் அத்தனை கேள்வி கேட்கிறாள். விரதமா, சர்க்கரையா, பல் இருக்கா, யார் வீட்டுக்கு என்று. கேட்கட்டும். நீங்களும் கேளுங்கள்.

தனம் கையை நீட்டினார். "குடு இப்டி." டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கூழு ஊத்தின அப்பாலதான் நான் வாயில எதுனா வெப்பேன். அது வரிக்கும் நீ எங்கியும் போவாத. இங்கியே இரு."

சங்கீதா இருந்தாள். இருந்தாள் என்றா சொன்னேன், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்துத் துழாவ ஆரம்பித்துவிட்டாள். "அடி பிடிக்கப் போவுது, கெளறுடி" என்று அம்மா அதட்ட, "எனுக்குத் தெரியும், சொம்மா இரு" என்று மகள் முறைக்க, ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் நேற்றுத்தான் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பம்பை சத்தம் கேட்டது. கற்பூரம் காட்டினார்கள். தனம் முதல் கரண்டிக் கூழை ஊற்றினார். தெருவே சொம்போடும் தூக்கோடும் வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. எனக்கும் ஒரு சொம்பு நிறையக் கிடைத்தது.

எல்லாருக்கும் ஊற்றி, தானும் ஒரு வாய் கூழ் குடித்த பிறகு, தனம் டப்பாவைத் திறந்தார். கத்தி கேட்கவில்லை. கையாலேயே ஓட்டைப் பிட்டார். நெய் ஓடு, பிட்ட இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். சங்கீதா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அத்தனை பேர் பார்க்க, தனம் மென்று விழுங்கிவிட்டு, "மாங்கா நல்லா புளிப்பா கீது. மேல கீறது பக்கோடா மாதிரி கீது" என்றார். எழுந்த சிரிப்பில் அழுகையும் கலந்து சங்கீதாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

தனம் இன்னொரு பெரிய துண்டாகப் பிட்டு, ஒரு தட்டில் வைத்து, மகள் கையில் கொடுத்தார்.

"ரோட்டுல ஆட்டோ வெச்சுகினு நிக்கிறானே, அவனுக்குக் குட்த்துட்டு வா."

சங்கீதா தட்டோடு திரும்பி நாலு அடி வைத்திருக்கமாட்டாள். பின்னாலிருந்து மார்க்கெட்டுக் குரல் கேட்டது.

"ஏய், நில்லுடி! தட்ட இங்க வெச்சிட்டுப் போ. ரோட்டுல நின்னா துன்னுவான்? வூட்டுக்கு வந்து துன்னச் சொல்லு."

அவள் தட்டை என் கையில் திணித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல், கொதிக்கிற தார் ரோட்டில் ஓடினாள்.